பெட்டி முடைந்த கைகள்

(ஜூபிலி விழா மாதர் அரங்கில், எங்கள் மாதர் சபையின் சார்பில் ஆற்றிய உரை)

 

இந்த அரங்கில் பேச எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "மாதர் முன்னேற்றம்" என்பது. நாங்கள் விழாக் குழுவினரிடம் சென்று, "ஐயா, நாங்கள் பெட்டியைப் பற்றிப் பேசுகிறோமே" என்று கேட்டோம். "என்ன பெட்டி, தீப்பெட்டியா?" என்றார்கள். குழுவினர்மீது குற்றமில்லை. விஸ்வநத்தத்தில் பிறந்து வளர்ந்த எவரிடமும் பெட்டி என்றால் தீப்பெட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்தபடி பட்டாசுப் பெட்டி, கிப்ட் பெட்டி. ஆனால் நம் பாட்டிமார் காலத்தில் பெட்டி என்றால் ஒன்றே ஒன்றுதான். அது பனை ஓலைப் பெட்டி. அந்தச் சொல் எப்படிக் கை மாறியது என்பதைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல வந்தோம்.

1922-ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. மறு ஆண்டிலிருந்து இந்த வானம் பார்த்த பூமியில் புதியதொரு பிழைப்புப் பிறந்தது. கரிசல் காட்டை நம்பிப் பட்டினி கிடந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள், கட்டை அடுக்கினார்கள். ஓலைப் பெட்டி முடைந்த கைகள் தீப்பெட்டி ஒட்டும் கைகளாயின. இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. நம் கோவில் உண்டியலில் விழுந்ததும் அந்தக் காசுதான். பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அதுதான். ஆயினும் ஒரு கைவேலை வந்தபோது இன்னொரு கைவேலை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. போனதை ஒருவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

பனையை நாம் மரம் என்கிறோம். தொல்காப்பியம் அதை மரம் என்று ஒப்புக்கொள்வதில்லை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உள்ளே வயிரம் உடையது மரம், வெளியே வயிரம் உடையது புல் என்று மரபியலில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல் இனம். ஆகவே நம் பாட்டிமார் முடைந்தது புல்லால் ஆன பெட்டி என்றே சொல்லலாம். வானளவு வளர்ந்த புல்!

அந்தப் புல்லில் வீணாவது ஒன்றுமில்லை. மரத்தின் உச்சியில் விரியாமல் நிற்பது குருத்து. விரிந்து பச்சையாக இருப்பது சாரோலை. காய்ந்து தொங்குவது காவோலை. காவோலை விழக் குருத்தோலை சிரித்தது என்ற பழமொழியைக் கிழவிமார் நம் முகத்துக்கு நேரே எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! மென்மையான பெட்டிக்குக் குருத்து, முரட்டுப் பெட்டிக்குச் சாரோலை. ஓலையின் நடு நரம்பான ஈர்க்கு விளிம்புக்கும் சுளகுக்கும் ஆகும். மட்டையில் உரித்த நார் கட்டுவதற்கும் பொத்துவதற்கும் ஆகும்.

முடையும் வேலையைப் பார்த்தறியாத இளையோர் இங்கே பலர் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். வெட்டி இறக்கிய குருத்தை முதலில் பிரித்து வெயிலில் உலர்த்த வேண்டும். பச்சை நிறம் போய் வெளுத்து வரும்வரை காய வேண்டும். பிறகு ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் வார வேண்டும். வாருவதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. ஒரு நூலளவு ஏறி இறங்கினாலும் பெட்டி கோணிக்கொள்ளும். வாரிய ஓலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பதமாகிவிடும். காய்ந்த ஓலை முறியும். ஊறிப்போன ஓலை பின்னர் சுருங்கி இடைவெளி விடும். பதம் என்பது விரலுக்குத் தெரிவது, வாயால் சொல்லிக் கொடுக்க முடியாதது.

அடியை நெடுக்கும் குறுக்குமாகப் பாய் போல முடைந்து கொண்டு, நான்கு மூலையிலும் ஓலையை மடக்கி மேலே ஏற்றுவார்கள். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். அடி சதுரமாக இருக்கும். ஏற ஏற வாய் வட்டமாகிவிடும். ஒருவரும் வட்டம் போடவில்லை, தானாக வருகிறது. எங்கள் குழுவில் கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் இதைப் பார்த்துவிட்டுக் கால்மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியாக விளிம்பு. மிஞ்சிய ஓலை நுனிகளை உள்ளே மடக்கிச் சொருகி, ஈர்க்கை வைத்து நாரால் பொத்த வேண்டும். முடையக் கற்றவர் பத்துப் பேர் என்றால் விளிம்பு பொத்தத் தெரிந்தவர் இரண்டு பேர் இருப்பார்கள். விளிம்பு நன்றாக அமையாத பெட்டி ஒரு மாதத்தில் அவிழ்ந்துவிடும்.

பெட்டி என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை. தானியம் அள்ளவும் களத்தில் சுமக்கவும் இரட்டைப் பட்டாக முடைந்த கடகம். கருப்பட்டிக்கும் பண்டத்துக்கும் கொட்டான். படுக்கப் பாய், உட்காரத் தடுக்கு, புடைக்கச் சுளகு, பிள்ளைக்குக் கிலுகிலுப்பை. பதநீர் குடிக்க ஓலையை மடித்த பட்டை. குடித்து முடித்ததும் ஆட்டுக்குப் போட்டுவிடலாம். யாழ்ப்பாணத்தில் முடைதல் என்று சொல்வதில்லை, இழைத்தல் என்பார்கள். பிட்டு அவிக்கக் கூம்பு வடிவில் நீற்றுப்பெட்டி என்று அவர்கள் இழைப்பது தனி அழகு. திருவிழாவுக்குப் போய் வந்தவர் கையில் ஒரு மிட்டாய்ப் பெட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அந்த ஓலை வாசமும் கருப்பட்டி வாசமும் கலந்து வருமே, அதைத் தகர டப்பாவில் யாரால் அடைக்க முடிந்தது?

நம் பட்டாசுத் தொழிலிலேயே ஓலைக்கு ஓர் இடம் இருந்ததை மறந்துவிடக் கூடாது. ஓலை வெடி வெடிக்காத தீபாவளி உண்டா? பனை ஓலையை முக்கோணமாக மடித்து மடித்து உள்ளே மருந்தை அடக்கினார்கள். கொட்டானை மடித்த அதே விரல் மடிப்புத்தான். ஆக, ஓலை நம் ஊரை விட்டு ஒரே நாளில் போய்விடவில்லை. வெடியாகிக் கொஞ்ச காலம் உடனிருந்து சென்றது என்று சொல்லலாம்.

இனி நம் விசுவாசத்தோடு இந்தப் பெட்டிக்கு உள்ள உறவையும் சிறிது சொல்லிவிடுகிறோம். நைல் நதியில் விடப்பட்ட குழந்தை மோசேயைத் தாங்கியது நாணற்புல்லில் செய்த பேழை. தமஸ்கு நகரில் புனித பவுலை மதில் வழியாக இறக்கியது ஒரு கூடை. ஐந்து அப்பங்களைப் பகிர்ந்தபோது மிஞ்சியது பன்னிரண்டு கூடை, ஏழு அப்பங்களைப் பகிர்ந்தபோது மிஞ்சியது ஏழு கூடை என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். மூல நூலான கிரேக்கத்தில் இந்த இரண்டு கூடைக்கும் வேறு வேறு சொல்லை எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் கடகம் வேறு, கொட்டான் வேறு என்பதுபோல என்று நாங்கள் புரிந்துகொண்டோம். நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் தங்கியிருந்த வீரமாமுனிவர் தமிழை எழுதியதும் ஓலையில்தானே.

எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் தவம் செய்த துறவிகளும் ஈச்ச ஓலையில் பாயும் கூடையும் முடைந்து, கை வேலையோடு செபத்தையும் சேர்த்துச் செய்தார்கள். அவர்களுள் பவுல் என்னும் மடாதிபதி ஒருவரைப் பற்றி யோவான் கசியான் எழுதி வைத்திருக்கிறார். அவர் இருந்த இடத்திலிருந்து ஊருக்கு ஏழு நாள் நடக்க வேண்டும். முடைந்ததை விற்கக் கொண்டு போனால் கூலிக்கே அது சரியாகிவிடும். ஆகவே ஆண்டு முழுவதும் முடைந்து குகையை நிரப்புவார். ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் தீ வைத்து எரித்துவிட்டு மறுபடி தொடங்குவார். எங்கள் சபைக் கூட்டத்தில் இதை வாசித்தபோது ஓர் அம்மா சட்டென்று சொன்னார்: "அவருக்கென்ன, புள்ளையா குட்டியா! நாம எரிச்சா ராத்திரிச் சோத்துக்கு என்ன வழி?" எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சில்தான் இந்தத் தொழிலின் முழு நோவும் இருக்கிறது.

விலை என்பதே அந்த நோவு. ஓலை வாங்கி, காய வைத்து, வாரி, நனைத்து, முடைந்து, பொத்தி ஒரு நடுத்தரப் பெட்டி முடிய, பழகிய கைக்கே பெரும்பாலும் ஒரு நாள் ஆகிறது. அதே நாளில் ஆலைக்குப் போனால் கிடைக்கும் கூலி என்ன என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். கடையில் பிளாஸ்டிக் கூடை என்ன விலைக்குத் தொங்குகிறது என்பதும் தெரியும். நடுவில் ஒரு காலத்தில் நம் வயதுப் பெண்கள் எல்லாரும் ஒயர்க் கூடை பின்னித் தள்ளினோமே! அப்போது நமக்கு விரல் இருந்தது, பொறுமையும் இருந்தது, நேரமும் இருந்தது. ஓலை வேண்டாம், ஒயர்தான் நாகரிகம் என்று நாமே முடிவு செய்தோம். பனையை வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றியபோதும் ஏன் என்று கேட்கவில்லை. நம் மாநில மரம் என்ற பெயர் அதற்கு இருந்தும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவிக்க 2021 வரை ஆனது. ஒரு பனை பலன் தரப் பதினைந்து, இருபது ஆண்டு ஆகும் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் சபையார் இதில் இறங்கிய கதை பெருமைப்படும்படியானதல்ல. 2018 அக்டோபரில் பட்டாசு குறித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை, வெடிக்க நேரக் கட்டுப்பாடு எனப் பல நிபந்தனைகள். அதன்பின் சில மாதங்கள் ஆலைகள் மூடிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வேலையில்லாமல் வீட்டில் இருந்த பெண்களுக்கு ஏதாவது ஒரு வழி வேண்டும் என்று எங்களிடம் வந்து நின்றவர்கள் பலர். அவர்களில் சிலர் 2012-ல் முதலிப்பட்டி விபத்துக்குப் பிறகு, "வீட்டோடு செய்கிற வேலை, தீப்பிடிக்காத வேலை" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை விதித்ததும் எங்களுக்கு நல்ல சகுனமாகப் பட்டது. இனி எல்லாரும் ஓலைப் பெட்டிக்கு வந்துவிடுவார்கள் என்று நம்பினோம்.

கல்யாண வீடு ஒன்றுக்கு நூறு தாம்பூலப் பெட்டி செய்து தருவதாக ஒப்புக்கொண்டோம். ஓலையைச் சாயல்குடிப் பக்கமிருந்து வரவழைத்தோம். அது மழைக்காலம். வெயில் சரியாக அடிக்கவில்லை. அவசரத்தில் அரை உலர்வில் முடைந்து, பாலிதீன் பையில் கட்டி வைத்தோம். கொண்டு போய்ப் பிரித்தபோது பாதிப் பெட்டியில் பூஞ்சை பூத்திருந்தது. கல்யாண வீட்டார் பெரிய மனம் படைத்தவர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு மேலும் வலித்தது. ஓலைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நாங்கள் கைக்காசு போட்டுக் கொடுத்தோம். பிறகு ஒரு கடைக்குப் பெட்டிகள் போட்டோம். எங்களிடம் வாங்கிய விலைக்கு இரண்டு மடங்கு போட்டு விற்றார்கள், எங்களுக்குப் பணம் வர ஆறு மாதம் ஆனது. ஆலைகள் திறந்ததும் வந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பிப் போனார்கள். அவர்களைப் போகாதே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எப்படிச் சொல்வது?

ஆனாலும் இது நடக்காத காரியமல்ல என்பதற்கு நம் கண் முன்னே சாட்சிகள் உண்டு. புனித சவேரியார் 1542-ல் காலடி வைத்த மணப்பாட்டை நம்மில் பலர் திருயாத்திரையில் பார்த்திருக்கிறோம். குன்றின்மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயத்தைத் தொழுதுவிட்டு உடனே பஸ் ஏறிவிடுகிறோம். அந்த ஊர்ப் பெண்கள் முடையும் ஓலைப் பொருள்கள் வெளியூர்க்காரரும் தேடிப்போய் வாங்கும் சரக்கு. செட்டிநாட்டில் ஆச்சிமார் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்காக முடைந்து வந்த கொட்டான் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. விசாலாட்சி இராமசாமி அம்மையார் நிறுவிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை, முடையத் தெரிந்த வயதானவர்களைத் தேடிப் பிடித்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து மீட்டது. இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பத்தமடைக் கோரைப் பாய்க்கும் அப்படியே.

செட்டிநாட்டுச் செய்தியில் எங்களை உலுக்கியது குறியீடு அல்ல. "தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து" என்ற அந்த ஒரு வரிதான். நம் பங்கில் யார் யாருக்குத் தெரியும் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம். மூன்றே மூன்று பாட்டிமார் தேறினார்கள். மூவரில் ஒருவருக்கு மட்டுமே கடகத்தின் இரட்டை அடியைப் போடத் தெரியும். அவரிடம் போனபோது, "என்னத்தா, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தவக்காலம் முடியட்டும், பாஸ்கா கழித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். புனித வாரத்துக்கு முன்னரே ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். அவர் வீட்டுப் பரணில் இருந்த பழைய கடகம் ஒன்றை மகன் எங்களிடம் கொடுத்தார். அதை வைத்து எத்தனையோ நாள் பார்த்துவிட்டோம். ஓலை எங்கே தொடங்குகிறது என்பதே எங்களுக்குப் பிடிபடவில்லை. பிரித்துப் பார்க்கலாம் என்றால் கை வரவில்லை. அது இப்போது அலுவலக அறையில் மேசைமேல் இருக்கிறது. உங்களில் எவருக்காவது, உங்கள் ஊர்ப் பாட்டி எவருக்காவது அந்த அடி தெரியுமானால், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறோம், இன்றே சொல்லுங்கள்.

மற்ற இருவரும் நல்ல சுகம். ஒருவர் கண் பார்வை மங்கியவர். ஆனால் பெட்டியை மடியில் வைத்து விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினால் போதும், எந்த இடத்தில் ஓலை தப்பியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். குருத்தோலை ஞாயிறு அன்று பிள்ளைகளுக்குச் சிலுவையும் கிளியும் மடித்துக் கொடுப்பவர் அவர்தான் என்றால் உங்களுக்கு அடையாளம் தெரியும். ஆண்டுதோறும் அந்த ஓலையை வாங்கிக்கொண்டு வந்த நாம், அந்த மடிப்பை ஒருநாளும் கேட்டுக் கற்கவில்லை. வீட்டில் சொருகி வைக்கிறோம்; அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனுக்குக் கொடுத்துவிடுகிறோம், அது சாம்பலாகிறது.

பாஸ்காவுக்குப் பிறகு சனிக்கிழமைதோறும் மறைக்கல்வி முடிந்ததும் இருவரும் பள்ளி வராந்தாவுக்கு வந்து உட்காருகிறார்கள். நாங்கள் ஒன்பது பேர் தொடங்கினோம், இப்போது பதினான்கு. அதில் ஆறு பேர் சிறுமியர், ஒருவன் பையன். விற்பனை என்ற பேச்சே இந்த ஆண்டு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். முதலில் கை பழகட்டும். ஓலையை வெயில் காலத்திலேயே வாங்கிக் காய வைத்துவிட்டோம். மழையில் பட்ட அடி போதும்.

நாளை ஜூபிலித் திருப்பலியில் காணிக்கைப் பவனி வரும்போது பன்னிரண்டு ஓலைப் பெட்டிகளைப் பார்ப்பீர்கள். அவை எங்கள் வகுப்பில் முடைந்தவை. அவற்றில் பழம் வைத்து வருகிற பெட்டி ஒன்று சற்றுக் கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி முடைந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி முடையச் சொல்லலாமா என்று பாட்டியிடம் கேட்டோம். அவர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "வாய் கோணலா இருந்தா என்ன, பொத்து நல்லா விழுந்திருக்கு. போகட்டும்" என்றார்.

கற்க விரும்புவோர் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாம். ஒரு சிறு கத்தியும் நனைக்க ஒரு பழைய பருத்தித் துணியும் கொண்டு வாருங்கள். ஓலை நாங்கள் தருகிறோம்.